மதகு ஒரு மாவட்டம், வயல் ஒரு மாவட்டம்

புது மாவட்டம் பிறந்துவிட்டது என்று டிவியில் சொன்ன அன்று, எங்கள் அண்ணன் ராசாங்கம் மேலவாளமங்கலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, போகிற வருகிற பேருந்தையெல்லாம் கைகாட்டி நிறுத்தி லட்டு கொடுத்தார்.

மழை விட்டிருந்த காலை நேரம். சரவெடி வெடித்து முடிந்த சிவப்புக் காகிதம் ஈரச் சாலை முழுக்க ஒட்டிக் கிடந்தது. லட்டு டால்டாவில் பிடித்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.

"என்னண்ணே, வீட்ல விசேஷமா?" என்று கண்டக்டர் தலையை நீட்டினார்.

"வீட்ல இல்லைங்க, ஊருக்கே விசேஷம். நமக்கு மாவட்டம் வந்திருக்கு. எடுத்துக்குங்க, ரெண்டா எடுத்துக்குங்க."

மாவட்டம் வந்ததற்கு லட்டு வாங்குவது அந்தக் கண்டக்டருக்கு அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த பெண்கள் எங்களுக்கும் எங்களுக்கும் என்று கை நீட்டினார்கள். அண்ணனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அண்ணி செத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நானும் ஒரு லட்டு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் நான் எழுதியிருந்த பள்ளிக்கூடக் கதைகளைப் படித்துவிட்டு சென்னையிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "டீச்சர், ஊரைப் பத்தி எழுதுங்க. வாய்க்கால், வரப்பு, பச்சைப் பசேல்னு வயல், படிக்கிறப்பவே மனசு குளிரணும்" என்றார். நல்ல மனிதர். அவருக்காக இந்த வாரம் வாய்க்காலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பச்சைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

மேலே, கீழே

நான் வேலை பார்த்த காலமெல்லாம் சமூக அறிவியல் டீச்சர். அதிலும் புவியியல் என்றால் எனக்கு உயிர். கரும்பலகையில் ஒரே இழுப்பில் பழைய தஞ்சாவூர் ஜில்லாவைப் போட்டுவிடுவேன். மேற்கே குறுகலாக ஆரம்பித்துக் கிழக்கே விரிந்து கடலைத் தொடுகிற பெரிய ஜில்லா அது. பிறகு அதை உடைத்தார்கள். உடைத்ததை மறுபடியும் உடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாடப்புத்தகம் வருவதற்குள் படம் மாறிவிடும். பிள்ளைகள் எந்த மாவட்டம் என்று கேட்டால், "இன்னைக்குத் தேதிக்கு இது, நாளைக்கு என்னைக் கேட்காதீங்க" என்பேன்.

எங்கள் ஊரைப் பார்க்கிறவர்கள் தரை தாம்பாளம் மாதிரி மட்டமாக இருக்கிறது என்பார்கள். மட்டமெல்லாம் இல்லை. மேற்கே கொஞ்சம் உயரம், கிழக்கே கொஞ்சம் பள்ளம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில்தான் தண்ணீர் வருகிறது. தண்ணீர் மட்டுமில்லை. பஸ், கரண்ட், சிமெண்ட் ரோடு, அதிகாரி ஜீப் எல்லாமே மேற்கிலிருந்து கிழக்கே வரும். வருகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். கடைசியில் இருப்பவனுக்குக் கடைமடை என்று பெயர். நாங்கள் கடைமடை.

மேலவாளமங்கலம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. கோயில், கல்யாண மண்டபம், நெல் மண்டி எல்லாம் அங்கே. சின்னையன் வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிற மதகும் அங்கேதான். கிழக்கே ஒரு மைல் தள்ளி உள்ளே போனால் எங்கள் கீழவாளமங்கலம். மேலே நிலக்காரர்கள். கீழே நாங்கள், அவர்களுடைய பண்ணையாட்கள்.

பழைய கதைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா மேலத்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அவருக்கு முதன்முதலாகச் சொந்த நிலம் என்று ஒரு ஏக்கர் சொச்சம் கிடைத்தபோது, அதுவும் வாய்க்காலின் கடைசியில்தான் கிடைத்தது. அன்றைக்கு அவர் வரப்பில் உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாராம். அண்ணன்தான் சொல்வார். எனக்கு அப்போது நினைவு தெரியாத வயது.

அந்த நிலத்து நெல்லில்தான் நான் படித்தேன். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏரைப் பிடித்தார், நான் டீச்சரானேன்.

யாரும் வராத ஊர்

ஒரு தடவை பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனேன். கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தார்கள், மிளகுக்காக வந்தார்கள், மீன்பிடிக்கிற ஊரைக் கேட்டு வாங்கி இதைக் கட்டினார்கள், பிறகு இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். காற்றில் கருவாட்டு வாசனை. பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், மீதிப் பேருக்குப் பசி வந்துவிட்டது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நம்ம ஊருக்கு ஏன் டீச்சர் யாருமே வரல?"

"நம்ம ஊர்ல என்ன இருக்கு, வர்றதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

திருவிடைமருதூருக்குக் கோயிலைச் சொல்லலாம். குடவாசலுக்குத் தாலுகா ஆபீசையாவது சொல்லலாம். கீழவாளமங்கலத்துக்கு என்ன சொல்வது? மேலவாளமங்கலம் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் வாய்க்கால் வருகிறது, மதகு வருகிறது, விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர் வருகிறார். வாய்க்காலை வெட்டியவர்கள் வரவில்லை. ஊர் வரலாறு எழுதிய பெரியவர் ஒருவர் என்னிடம், "உங்க பக்கம் ஆதாரம் ஒண்ணும் கிடைக்கலம்மா" என்றார். வெட்டிய வாய்க்கால் கண்ணெதிரே ஓடுகிறது, இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன்.

அண்ணி

மாவட்டத்துக்கு லட்டு கொடுக்கிற அளவுக்கு அண்ணனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அண்ணி வந்தார். அதாவது, போனார்.

இரண்டு ஊருக்கும் அப்போது ஒரே ஊராட்சி. தலைவர் எப்போதும் மேலத்தெரு. தலைவர் பதவி எங்களுக்கு ஒதுக்கப்பட்ட தடவைகூட, அவர்கள் கைகாட்டிய ஆள்தான் நின்றார், அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். மேலத்தெரு முடிகிற இடத்தில் சிமெண்ட் ரோடு முடிந்துவிடும். அதற்குக் கிழக்கே எங்கள் ஊர் வரைக்கும் வண்டல் மண் பாதை. வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் முழங்கால் சேறு. ஒவ்வொரு கூட்டத்திலும் அண்ணன் எழுந்து ரோடு கேட்பார். "பார்க்கலாம் ராசாங்கம், அடுத்த நிதியில பார்க்கலாம்" என்பார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அண்ணி மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார். வரப்பில் கண்ணாடி விரியன். கடித்ததும் தானே எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தார். "ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னவரும் அவர்தான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். வண்டி சீக்கிரமே வந்தது. மேலத்தெருக் கடைசியில், சிமெண்ட் முடிகிற இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும்.

கயிற்றுக் கட்டிலில் அண்ணியைப் படுக்கவைத்துத் தூக்கினோம். அண்ணன் தலைமாட்டில். காலடி வைத்த இடமெல்லாம் சேறு உறிஞ்சிக்கொண்டு விட மறுத்தது. இரண்டு தடவை கட்டில் சாய்ந்தது. தூரத்தில் வண்டியின் விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும். ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. அதைத் தன் முந்தானையால் தானே துடைத்துக்கொண்டார்.

வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நாடி இல்லை. ரோடு இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்களுக்கு அது எழுதிக் கொடுத்துத் தெரிய வேண்டியதும் இல்லை.

கோடு விழுந்தது

புது மாவட்டம் வரப்போகிறது, எந்தெந்த ஊர் எங்கே சேர விருப்பம் என்று கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேலவாளமங்கலத்துக்காரர்கள் பழைய மாவட்டத்திலேயே இருக்கிறோம் என்றார்கள். அவர்களுக்குக் கடை, காலேஜ், சம்பந்தம் எல்லாம் அந்தப் பக்கம்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். படிக்காத மனிதர், ஆனால் தடுமாறாமல் பேசினார்.

"ஐயா, எங்களைப் பிரிச்சு விட்டுடுங்க. புது மாவட்டத்துத் தலைநகர் எங்களுக்கு வடக்கால, பக்கத்துல இருக்கு. எங்களுக்குன்னு தனி ஊராட்சி குடுங்க. ரோட்டை நாங்க போட்டுக்குறோம். இனிமே எதுக்கும் மேலத்தெரு வழியா நாங்க போக வேணாம்."

எங்கள் பக்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். நான் கை வலிக்கத் தட்டினேன்.

பிரித்தார்கள். ஊராட்சியையே இரண்டாக்கி, இரண்டு ஊருக்கும் நடுவில் மாவட்ட எல்லையைப் போட்டார்கள். கீழவாளமங்கலம் தனி ஊராட்சி ஆனது. முதல் வேலையாக வடக்கே தார் ரோடு போட்டோம். அந்தத் தார் வாசனையை இரண்டு நாள் ஊரே முகர்ந்துகொண்டு திரிந்தது. சாயங்காலமானால் பெண்கள் வேலையில்லாமலே அதில் நடந்து போய்விட்டு வருவார்கள்.

அந்த ரோடு வீண்போகவில்லை. அண்ணனுடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் கவிதாவுக்கு வீட்டிலேயே பிரசவம் ஆகி ரத்தம் நிற்காமல் போனபோது, அந்த ரோட்டில்தான் கார் பறந்தது. புது மாவட்டத்துத் தலைநகர் ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பெண் குழந்தை. அண்ணன் வெளியே வந்து அந்தக் கட்டடத்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அண்ணியின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்தோம், ஆஸ்பத்திரியைப் பார்த்தோம், ஊராட்சியைப் பார்த்தோம். வாய்க்காலை ஒருத்தரும் பார்க்கவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு வரும் என்று இருந்துவிட்டோம். பிறந்தது முதல் வந்துகொண்டிருக்கிற ஒன்று, இனிமேலும் வருமா என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

புவியியல் டீச்சருக்கும் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எல்லையில் ஒரு புதர்

முன்பெல்லாம் தூர் வார ஆரம்பித்தால் மதகிலிருந்து எங்கள் கடைசி வயல் வரைக்கும் ஒரே மூச்சில் வாருவார்கள். மதகைத் திறக்கிற லஸ்கர் சைக்கிளில் எங்கள் ஊர் வரை வந்து, தண்ணீர் எட்டியதா என்று பார்த்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவார்.

பிரிந்த பிறகு, அவர்கள் ஒன்றியம் எல்லை வரைக்கும் வாரியது. எங்கள் ஒன்றியம் எல்லையிலிருந்து வாரியது. எல்லை விழுந்த இடத்தில் ஒரு பழைய பாலம். அதன் அடியில் மட்டும் இரண்டு பேரும் கை வைக்கவில்லை. அது அவர்களுடையது என்று இவர்கள், இவர்களுடையது என்று அவர்கள்.

அந்த இடத்தில் காட்டாமணக்கு முளைத்தது. டெல்டாக்காரர்களுக்கு அந்தச் செடியைத் தெரியும். ஊதாப் பூவோடு பார்க்க அழகாக இருக்கும். வேர் விட்டால் வாய்க்கால் காலி. அதில் ஆகாயத்தாமரை வந்து மாட்டியது, பாலிதீன் மாட்டியது, மண் ஏறியது. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

இந்த வருடம் மழை கார்த்திகையோடு நின்றுவிட்டது. பிந்தி நட்ட சம்பா, பொதி கட்டுகிற நேரம். கதிர் வெளியே வருவதற்கு முன்னால் தண்டு பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி புடைத்து நிற்கும். அப்போது தண்ணீர் நிற்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடியது. மேலவாளமங்கலம் வயல்களில் கெண்டைக்கால் அளவு நின்றது. எங்கள் வயலில் பாளம் பாளமாக வெடிப்பு. அண்ணன் ஒரு வெடிப்பில் கையை விட்டுக் காட்டினார். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

போர் போடலாமே என்பீர்கள். போட்டவர்கள் இருக்கிறார்கள். கடல் எங்களுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். வருகிற தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிறது. அதை விட்டால் பயிர் இன்னும் சீக்கிரம் சாகும்.

குறைதீர் கூட்டத்துக்கு நானும் அண்ணனும் போனோம். எங்கள் மாவட்டத்து அதிகாரி தங்கமான பையன், என்னிடம் படித்தவன் வயதுதான் இருக்கும். "அம்மா, உங்க வயல் எங்க மாவட்டம். மதகு அவங்க மாவட்டம். நீங்க அங்க சொல்லணும்" என்றார்.

அங்கே போனோம். "ஐயா, நீங்க எங்க மாவட்டத்து விவசாயியே இல்லையே" என்றார்கள். பிறகு இரண்டு மாவட்டமும் சேர்ந்து கூட்டாய்வு செய்யும் என்று சொன்னார்கள். எப்போது என்று கேட்டேன். அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்ததும் என்றார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்து இரண்டு பேரும் ஒரு டீ குடித்தோம்.

"நீங்கதானே போனீங்க"

யாரும் வர வேண்டாம், நாமே வெட்டிவிடுவோம் என்று ஒரு நாள் காலையில் அண்ணனும் பன்னீரும் இன்னும் சிலரும் மண்வெட்டி, அரிவாளோடு பாலத்துக்குப் போனார்கள். பன்னீர் அண்ணனுக்கு வரப்பு ஒட்டிய நிலக்காரன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. குத்தகையாகவும் கொஞ்சம் எடுத்து விதைத்திருந்தான். நான் மோர் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஒரு பக்கம் புதரை இழுத்துப் போட்டதும் சேற்று நாற்றம் கிளம்பியது. அதற்குள் மேலத்தெருவிலிருந்து பைக்குகள் வந்துவிட்டன. முன்னால் வந்தவன், எங்கள் அப்பா பண்ணையம் பார்த்த வீட்டுப் பேரன். சின்னப் பையன், மீசையே இப்போதுதான் முளைத்திருந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்த முகத்தோடுதான் பேசினான்.

"என்ன ராசாங்கம், வேற மாவட்டத்து ஆளுங்க இங்க வந்து மண்ணை வெட்டலாமா? இங்க ஆழமாச்சுன்னா எங்க வயல்ல நிக்கிற தண்ணி உங்களுக்குல்ல ஓடிடும்?"

பேத்தி எடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அப்பாவையும் அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"தம்பி, பயிர் சாகுது" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியாதா? பாவமாத்தான் இருக்கு. ஆனா நாங்களா உங்களைப் போகச் சொன்னோம்? நீங்கதானே போனீங்க. திரும்ப வந்துடுங்க. பழையபடி ஒரே ஊராட்சியா, ஒண்ணா இருப்போம். கிராம சபையில ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்க. தீர்மானம் போட்ட மறுநாளே நாங்களே மிஷின் விட்டு வாரித் தர்றோம்."

அன்பாகச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

கிராம சபை

குடியரசு தினத்துக் கிராம சபை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடியது. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் பன்னீர் எழுந்தான்.

"மறைக்க ஒண்ணுமில்லை. தண்ணி வேணும்னா திரும்பப் போகணும். பழைய மாவட்டத்துல, பழைய ஊராட்சியில எங்களைச் சேர்த்துடுங்கன்னு தீர்மானம் போடுவோம். இன்னைக்குப் போட்டா நாளைக்குத் தண்ணி வந்துடும். இன்னும் ஒரு வாரம் போனா பயிர் வெறும் வைக்கோல்."

நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லார் கண்ணும் அண்ணன் மேல்தான். கடைமடையிலும் கடைசி வயல் அவருடையது. முதலில் காய்ந்ததும் அதுதான். அவர் கை தூக்கினால் முடிந்தது.

அண்ணன் எழுந்தார்.

"தீர்மானம் வேணாம்."

"அண்ணே!" என்றான் பன்னீர். "என்ன பேசுறீங்க? போட்ட ரோட்டைச் சுருட்டிக்கிட்டா போயிடப் போறாங்க? ரோடு இங்கதான் இருக்கும். ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கும்."

"ரோட்டைச் சுருட்ட மாட்டாங்க, பன்னீர். நாளைக்கு வேற ஒண்ணு வேணும். தெருவிளக்கு வேணும், சுடுகாட்டுக்குப் பாதை வேணும். அதுக்கு மறுபடி அவங்க வாசல்ல போய் நிக்கணும். பார்க்கலாம் ராசாங்கம்பாங்க. நான் நின்னாச்சு. எங்க அப்பா நின்னாச்சு." அவர் திரும்பிப் பார்த்தார். கவிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றிருந்தாள். "இந்தப் புள்ளை போய் நிக்க வேணாம்."

"அப்ப பயிர்?"

அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

"பயிருக்கு என்ன சொல்றீங்க? உங்க மகன் சிங்கப்பூர்லேருந்து அனுப்புவான். எனக்கு யாரு அனுப்புவா?" பன்னீர் இரண்டடி முன்னால் வந்தான். "உங்க ரோஷத்துக்கு என் பயிரும் சேர்ந்து சாகணுமா?"

அவன் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அண்ணன் சொன்னதிலும் தப்பில்லை. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குச் சரி, தப்பு என்று டிக் அடித்தவளுக்கு அன்றைக்குப் பேனா எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தீர்மானம் வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் கவிதா தூக்கினாள். நான் தூக்கினேன். அப்புறம் கட்டில் தூக்கிய சேற்றை மறக்காத பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூக்கினார்கள். நிலமில்லாத ஆண்கள் சிலர் தூக்கினார்கள். தீர்மானம் விழுந்துவிட்டது. பன்னீர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனான். அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கவிதா என்னிடம், "சின்னம்மா, நாம செஞ்சது சரிதானே?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? ஜெயித்த வீடு மாதிரியே இல்லை. சாவு விழுந்த வீடு மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

கிடை

ஒரு வாரம் கழிந்தது. பொதி வெளியே வராமலே தண்டுக்குள் கருகியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, மணி பிடிக்காத சாவியாக ஒரு கதிர். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வயல் பக்கம் போவதையே விட்டிருந்தேன்.

அறுவடை முடிந்த வயலில் எருவுக்கு ஆட்டை அடைத்துக் கிடை போடுவதற்காக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறிக்காரர்கள் வருவார்கள். இந்த வருடம் அவர்கள் பக்கமும் வறட்சி போல, முன்னாலேயே வந்து ரோட்டோரம் நின்றிருந்தார்கள். அண்ணன் ஒரு காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறார் என்று கவிதா ஓடிவந்து சொன்னாள். நானும் போனேன்.

ஆட்டுக்காரர் வரப்பிலேயே நின்றுவிட்டார். நடுத்தர வயது, தோளில் தொரட்டிக் கம்பு.

"என்னண்ணே, பயிரு நிக்கிது?"

"விடுங்க."

"அடியில பச்சை தெரியுதுண்ணே. நிக்கிற நெல்லுல நான் ஆட்டை விட்டதே இல்லை."

"நெல்லு இல்லைங்க அது. விடுங்க."

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். ஆடுகளும் இறங்கவில்லை. அத்தனை பசியிலும், வரப்பு நெடுக வரிசையாக நின்றுகொண்டு கத்தினவே தவிர, ஒன்றுகூடக் காலை வைக்கவில்லை. பயிரில் இறங்கினால் அடி விழும் என்று பழக்கியிருந்த ஆடுகள்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கிடாயின் காதைப் பிடித்து இழுத்தார். அது காலை ஊன்றிக்கொண்டு முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் தூக்கி உள்ளே இறக்கினார். ஒரு கொத்துப் பயிரைத் தானே பிடுங்கி அதன் வாயில் வைத்து, "தின்னு" என்றார். "தின்னு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அது தின்றது. பிறகு இன்னொன்று இறங்கியது. பிறகு எல்லாம் இறங்கின. நறுக் நறுக்கென்று சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அண்ணன் அழவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது.

பக்கத்து வரப்பில் பன்னீர் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அண்ணன் அவனைப் பார்த்தார். அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. ஆட்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"அதை முடிச்சுட்டு, இந்தப் பக்கமும் ஓட்டிக்கிட்டு வாங்க" என்றான்.